குணகட்டுவா கடிக்குப் பாம்பு ஊசி ஏன் கேட்பதில்லை

கவ்வாத்து முடிந்த மலையில் வெட்டிய வாதுகளைத் தேயிலைத் தூரடியிலேயே பரப்பிவிடுவார்கள். மண் காயாது, உக்கினால் உரமும் ஆகும். அந்தச் சருகுக்கடியில் நாளடைவில் அரணையும் பல்லியும் தவளையும் குடிவந்துவிடும். அவற்றைத் தேடி வருவதுதான் குணகட்டுவா. புத்தகத் தமிழில் மேடுமூக்குக் குழிவிரியன் என்று எழுதலாம். பேச்சில் சிங்களப் பெயர்தான் ஓடும். ஒரு முழம் நீளம் இருந்தாலே பெரிய பாம்பு. காய்ந்த தேயிலை இலையின் நிறம். கொழுந்து பறிக்கிற கைக்கும் புல்லு வெட்டுகிற காலுக்கும் எட்டும் தூரத்தில் சுருண்டு கிடக்கும், மிதிபடும் வரை நகராது. இலங்கையில் மிக அதிகமான பேரைக் கடிப்பது நாகமும் இல்லை, கண்ணாடி விரியனும் இல்லை, இதுதான்.

கடிபட்டவரை வார்டில் சேர்த்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி “ஊசி போட்டாச்சா?” என்பதே. இந்தக் கடிக்குப் பாம்பு ஊசி போடமாட்டார்கள். அதைக் கவனக்குறைவு என்று நினைத்து வார்டில் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. விஷயம் வேறு: அங்கே குளிர்ப்பெட்டியில் இருக்கும் எதிர்மருந்து இந்தப் பாம்பின் நஞ்சுக்குக் கேட்காது. ஏன் கேட்காது என்பதற்குப் பதில் பாம்பு நஞ்சின் கூர்ப்பில், அதாவது பரிணாமத்தில், இருக்கிறது.

முதலில் அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவிலிருந்து வருவது. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் குருதியில் உண்டாகும், நஞ்சைப் பிடித்து முறிக்கும் பிறபொருளெதிரிகளைப் பிரித்து, பெப்சின் நொதியத்தால் வெட்டிச் சுத்தப்படுத்தி, உறையவைத்து உலர்த்திய தூள் அது. அந்த நஞ்சில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போவது. ஒரு போத்தல் தூளை 10 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய நீரில் கரைக்க வேண்டும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித்தான் கரைக்க வேண்டும். கரைத்த மருந்தில் ஒரு மில்லிலீற்றர் 0.6 மில்லிகிராம் நாக நஞ்சையும், அதே அளவு கண்ணாடி விரியன் நஞ்சையும், மற்ற இரண்டில் 0.45 மில்லிகிராம் வீதமும் முறிக்கும் என்பது கணக்கு. 10 போத்தல் ஏற்றினால் 60 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சுக்கு ஈடு. குணகட்டுவாவுக்கு அந்தக் கணக்கில் ஓர் எண்ணே இல்லை, ஏனென்றால் அதன் நஞ்சு அந்தக் குதிரைக்குள் போனதே இல்லை.

அப்படியானால் கண்ணாடி விரியனும் விரியன்தானே, அதற்கு உண்டான பிறபொருளெதிரி இதையும் பிடிக்காதா? நியாயமான கேள்வி. பெயரில் விரியன் என்று இருப்பதை நம்பினால் இங்கேதான் சறுக்கும். எட்டடி விரியன் பெயரில் மட்டுமே விரியன். பிறப்பால் நாகத்தின் குடும்பம். கண்ணாடி விரியனும் குணகட்டுவாவும் ஒரே விரியன் குடும்பம்தான், ஆனால் குழிவிரியன்கள் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்துபோன கிளை. கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி ஒன்று இருந்தால் அது அந்தக் கிளை.

பிரிந்துபோனால் நஞ்சு எவ்வளவு மாறும்? மற்ற உறுப்புகளின் புரதங்களை விட வெகு வேகமாக மாறும். காரணம் நஞ்சு பிறந்த விதம். பாம்பு நஞ்சில் உள்ள எதுவும் வெறுமையிலிருந்து முளைத்தது இல்லை. உடம்பில் ஏற்கெனவே ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்த புரதங்களின் மரபணுக்கள் தவறுதலாக இரண்டு பிரதி ஆகின்றன. ஒரு பிரதி பழைய வேலையைத் தொடர்ந்து பார்க்கும். மற்றது என்ன ஆனாலும் உடம்புக்கு நட்டமில்லை, அதனால் அதில் வரும் விகாரங்கள், அதாவது மரபணு எழுத்து மாற்றங்கள், தங்கிவிடும். வாய்ச் சுரப்பியில் வெளிப்படும் பிரதியின் விகாரம் இரையைக் கொஞ்சம் சீக்கிரமாகச் சாய்த்தால் இயற்கைத் தேர்வு அதைப் பிடித்துக்கொள்ளும். வேறு உறுப்பிலிருந்து இந்தப் புரதங்கள் நச்சுச் சுரப்பிக்கு இடம்மாறின என்றே பலகாலம் எழுதிவந்தார்கள். அண்மைய ஆய்வுகளைப் பார்த்தால், பல புரதங்கள் பழைய பாம்புகளின் வாய்ச் சுரப்பியிலும் இன்னும் பல இழையங்களிலும் ஏற்கெனவே கொஞ்சமாகச் சுரந்தவை. பிரதி ஆன பிறகு மற்ற இடங்களில் அடங்கி, நச்சுச் சுரப்பியில் மட்டும் பெருகின. இரண்டாவது விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு புரதத்தைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம்: பொஸ்போலிப்பேஸ் ஏ2. நமக்கும் இருக்கிறது. சதையியில் சுரக்கும் ஒரு வகை சாப்பாட்டுக் கொழுப்பை உடைக்கும். வீக்கமும் தொற்றும் வரும் இடத்தில் சுரக்கும் இன்னொரு வகை பக்றீரியாவின் சவ்வை அரிக்கும். நாகக் குடும்பம் முதல் வகையை எடுத்து நஞ்சாக்கியது. விரியன் குடும்பம் இரண்டாம் வகையை எடுத்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததில்லை, தனித்தனியே நடந்தது. ஏறக்குறைய 120 அமினோவமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி அது. 7 இருசல்பைட்டுப் பாலங்கள் தைத்து இறுக்கியிருப்பதால் சுலபத்தில் குலையாது. உள்ளே ஒரு கல்சியம் அயன் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நொதியம் வேலை செய்யாது. அந்தக் கல்சியத்தைப் பிடித்து வைப்பது 49ஆம் இடத்தில் இருக்கும் அஸ்பார்ட்டிக் அமிலம்.

குழிவிரியன்கள் பலவற்றில் ஒரு பிரதியில் அந்த 49ஆம் இடத்தில் லைசின் வந்து உட்கார்ந்திருக்கிறது. எதிரேற்றம் இருந்த இடத்தில் நேரேற்றம், கல்சியத்துக்கு இடமில்லை. மரபணு எழுத்தில் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு உரிய மூன்றெழுத்தில் இரண்டு எழுத்து மாறினால்தான் லைசின் வரும். முதல் எழுத்து மட்டும் மாறி நிற்கும் இடைநிலை அஸ்பரஜின். 49இல் அஸ்பரஜின் உள்ள வகையும் ஆசியக் குழிவிரியன் ஒன்றில் கிடைத்திருக்கிறது. லைசின் வந்ததும் நொதியம் செத்துவிட்டது. ஆனால் நஞ்சு சாகவில்லை. புரதத்தின் வால் முனை தசைக் கலத்தின் சவ்வில் குத்தி அதை நேராகவே கிழிக்கிறது. ஆய்வுகூடத்தில் நொதியத் தாக்கத்தை மட்டும் அளந்து, இது பூச்சியம், இது தீங்கில்லாதது என்று எழுதினால் பிழையாகிவிடும். அதே புரதம் தசையை உருக்கிக்கொண்டிருக்கும்.

வேகத்தைக் காட்டிய ஆய்வு ஜப்பானில் நடந்தது. அங்கே தெற்குத் தீவுகளில் ஹாபு என்ற குழிவிரியன் உண்டு. அதன் பொஸ்போலிப்பேஸ் மரபணுக்களை 1990களின் முற்பாதியில் ஒப்பிட்டார்கள். எந்த மரபணுவிலும் புரதத்துக்கான எழுத்துப் பகுதி மெதுவாக மாறும், நடுவே புரதமாகாத பகுதி வேகமாக மாறும், அதுதான் வழக்கம். ஹாபுவில் தலைகீழ். புரதமாகாத பகுதிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்க, புரதத்துக்கான பகுதிகள் கன்னாபின்னாவென்று மாறியிருந்தன. அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு: பாலங்கள் தைத்திருக்கும் உட்புறம் அப்படியே இருக்கும், வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் அமினோவமிலங்கள்தான் மாறும். ஓக்கினாவாத் தீவு ஹாபுவில் 49இல் லைசின் உள்ள இரண்டு புரதங்களும் காணாமலே போய்விட்டன. அமாமித் தீவு ஹாபுவில் அவை இருக்கின்றன. ஒரே இனம், நடுவே கடல், நஞ்சு வேறு.

இப்போது குதிரைக்குத் திரும்புவோம். குதிரையின் பிறபொருளெதிரி பிடித்துக்கொள்வது நச்சுப்புரதத்தின் வெளிப்புறத்தை. மாறுவதும் வெளிப்புறம். கண்ணாடி விரியனின் பொஸ்போலிப்பேஸைப் பார்த்துப் பழகிய பிறபொருளெதிரிக்குக் குணகட்டுவாவினுடையது முன்பின் தெரியாத முகம். ஆகவே இந்தக் கடிக்கு அந்த மருந்தை ஏற்றினால் ஒன்றும் நடக்காது என்றாவது ஆறுதல் கொள்ளலாமா? அதுவும் முடியாது. குதிரைப் புரதத்துக்கு ஒவ்வாமை வருவது இலங்கை வார்டுகளில் சாதாரணம். 2011இல் வெளியான, 1,007 பேரைச் சேர்த்து இலங்கையில் நடந்த பரிசோதனையில், மருந்து ஏற்றுமுன் 0.25 மில்லிகிராம் அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டதால் முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. கண்ணாடி விரியன் கடிக்கு அந்த ஆபத்தை ஏற்பது நியாயம். குணகட்டுவாவுக்கு ஏற்பது வீண் ஆபத்து. வாட்டசாட்டமான குணகட்டுவாவைக் கண்ணாடி விரியன் குட்டி என்று தப்பாகச் சொல்வதால் வரும் கேடு இதுதான்.

விரியன் நஞ்சின் இன்னொரு தூண் மெட்டலோப்புரோட்டினேஸ். கலங்களின் மேல் நின்று பக்கத்துப் புரதங்களை வெட்டிவிடும் அடாம் என்ற குடும்பத்திலிருந்து வந்தது. பழைய வடிவில் மூன்று பகுதிகள்: வெட்டும் பகுதி, குருதிச் சிறுதட்டுகளில் ஒட்டும் பகுதி, சிஸ்டீன் நிறைந்த வால். காலப்போக்கில் சில பிரதிகள் வாலை உதிர்த்தன, சில நடுப்பகுதியையும் உதிர்த்து வெட்டும் பகுதி மட்டுமாகின. வெட்டும் இடத்தின் நடுவே ஒரு நாக (துத்தநாக) அயன் இருக்கிறது. பள்ளிக்கூட இரசாயனத்தில் படித்த அதே நாகம். விரியனின் முக்கிய நஞ்சுக்குள் நாகம் இருக்க, நாகத்தின் முக்கிய நஞ்சில் அது இல்லை என்பது தமிழில் மட்டும் கிடைக்கிற வேடிக்கை.

கண்ணாடி விரியனில் இந்தக் குடும்பத்துப் புரதம் ஒன்று குருதி உறைதலின் 10ஆம் காரணியைத் தட்டி எழுப்பிவிடும். வேறு குடும்பத்துப் புரதமொன்று 5ஆம் காரணியைத் தட்டும். இரண்டும் சேர்ந்து உறைபொருள் முழுவதையும் சின்னச் சின்னக் கட்டிகளாகச் செலவழித்து முடித்துவிட, பிறகு குருதி உறையவே உறையாது. வார்டில் இதைப் பார்க்க 20 நிமிடச் சோதனை செய்வார்கள். 2 மில்லிலீற்றர் குருதியைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு தடவை சரிக்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. செய்வது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம். பிளாஸ்ரிக் குழாயில் செய்தால் நல்ல குருதியும் நேரத்துக்கு உறையாது, ஏனென்றால் உறைதலைத் தொடக்கிவைப்பது கண்ணாடியின் மேற்பரப்பு. சவர்க்காரத்தால் கழுவிய குழாயும் அப்படியே. நடுவில் தூக்கித் தூக்கி ஆட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. குணகட்டுவா கடியில் உறைதல் கொஞ்சமாகத்தான் குழம்பும். இந்தச் சோதனை அதைத் தவறவிடக்கூடும் என்பதால் ஒருமுறை உறைந்துவிட்டது என்று கட்டிலை விட்டு எழுப்பி அனுப்பக் கூடாது.

குணகட்டுவாவின் நஞ்சு மஞ்சள் நிறம். எல்-அமினோவமில ஒட்சியேற்றி என்ற நொதியத்தோடு ஒட்டியிருக்கும் துணைப்பொருள் கொடுக்கும் நிறம் அது. கடிபட்ட இடத்தில் வலி, வீக்கம், கொப்புளம், சிலருக்குத் தசை அழுகல். பெரும்பாலானவர்களுக்கு இத்தோடு சரி. ஒரு சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும், அரிதாக உயிரும் போயிருக்கிறது. இதை ஒரு காலத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இலங்கையில் மூன்று இனம் உண்டு என்று 2009இல்தான் தெளிவாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது, மற்ற இரண்டும் இந்தத் தீவுக்கே உரியவை. மத்திய மலைகளில் அந்த உள்ளூர் இனங்களில் ஒன்று வாழ்கிறது.

நாகத்தின் கதை வேறு தடம். மூவிரல் நஞ்சு என்பார்கள். 60 முதல் 74 அமினோவமிலம், நடுவே தைத்த உள்ளங்கை, அதிலிருந்து நீளும் மூன்று விரல். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இடத்தில் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதமான அசற்றைல்கோலின் வாங்கியை அந்த விரல் போய் அடைத்துக்கொள்ளும். இமை சரியும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு. இந்திய நாகத்தின் மரபணுத் தொகுதியை 2020இல் வெளியிட்டபோது 139 நச்சு மரபணுக்களைக் கண்டார்கள்; அவற்றில் 19 மட்டுமே நச்சுச் சுரப்பிக்கென்றே ஒதுங்கியவை. நாகத்தின் விரல் வாங்கியின் வெளியே நிற்கிறது, அதனால் எதிர்மருந்து அதைக் கழற்ற வாய்ப்புண்டு. எட்டடி விரியனோ பொஸ்போலிப்பேஸை இன்னொரு புரதத்தோடு பாலம் போட்டு இணைத்து, நரம்பு முனையை உள்ளிருந்தே சிதைக்கும் நஞ்சைச் செய்திருக்கிறது. முனை சிதைந்த பிறகு மருந்து எவ்வளவு ஏற்றினாலும் அது திரும்பாது. புதிதாக வளரும் வரை நாட்கணக்கில் செயற்கைச் சுவாசம்தான்.

மலைப்பக்கம் எட்டடி விரியனின் இடத்தில் இருப்பது இலங்கைக்கே உரிய அதன் சொந்தம், கரவலா. அதைப் போலவே கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு நஞ்சில்லாத ஓநாய்ப்பாம்பு ஒன்றும் இங்கே திரிகிறது. செத்த பாம்பு என்றால் முதுகின் நடுவரிசையைப் பாருங்கள்: கரவலாவுக்கு அந்த வரிசைச் செதில்கள் மட்டும் அறுகோணமாகப் பெரிதாக, வழுவழுப்பாக இருக்கும். ஓநாய்ப்பாம்பின் செதில்களில் நடுவே மெல்லிய வரம்பு ஓடும். உயிரோடு இருந்தால் பார்க்க வேண்டாம், தள்ளி நில்லுங்கள்.

கீரி பாம்போடு சண்டை போட்டுவிட்டு ஒரு பூண்டைத் தேடித் தின்னும், அதனால்தான் சாவதில்லை என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. கீரிக்கு மருந்து தசையிலேயே இருக்கிறது. மூவிரல் நஞ்சு வந்து உட்காரும் இடத்தின் அருகே அதன் வாங்கியில் அமினோவமிலங்கள் மாறியிருப்பதையும், சர்க்கரைச் சங்கிலி ஒன்று வழியை மறித்துக்கொண்டிருப்பதையும் 1990களில் கண்டார்கள். பாம்பின் சொந்த வாங்கியிலும் கிட்டத்தட்ட அதே மறிப்பு. இரை பூட்டை மாற்றும், நஞ்சு சாவியை மாற்றும். சாவி தேவையில்லாமல் போனால் கைவிடப்படும்: மீன் முட்டை மட்டுமே தின்னப் பழகிய கடற்பாம்பு ஒன்றில் மூவிரல் மரபணுவில் இரண்டு எழுத்து உதிர்ந்து, நஞ்சு கிட்டத்தட்டச் செத்துவிட்டது.

ஒரே இனத்துக்குள்ளும் நிலம் மாறினால் கடி மாறும். இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவருக்குக் குருதி உறையாததோடு இமையும் சரியும். தென்னிந்தியாவிலும் அது உண்டு, இந்தியாவின் வேறு பல பகுதிகளில் அப்படி இல்லை. மியன்மாரில் உள்ள அதன் நெருங்கிய உறவு கபச்சுரப்பியைக் கெடுத்துவிடும். எனவே தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சால் செய்த மருந்தை இங்கே ஏற்றும்போது பொருத்தம் முழுமையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே கண்ணாடி விரியனுக்கு 20 போத்தலில் தொடங்குவதும் உண்டு.

இதே உறவு முறை நமக்குச் சாதகமாகவும் திரும்பும். குணகட்டுவாவின் நெருங்கிய சொந்தம் கண்ணாடி விரியன் இல்லை. மலேயாவிலும் தாய்லாந்திலும் றப்பர் தோட்டங்களில் கிடக்கும் மலேயக் குழிவிரியன். அதற்குத் தாய்லாந்தில் எதிர்மருந்து இருக்கிறது. அந்த மருந்து குணகட்டுவா நஞ்சை எலிகளில் முறிக்கிறது என்று 2011இல் காட்டினார்கள். கடல் கடந்த மருந்து கேட்கிறது, பக்கத்து நாட்டு மருந்து கேட்கவில்லை. தூரத்தைப் பார்க்காமல் வம்சத்தைப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகமும் கோஸ்டாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனமும் சேர்ந்து இலங்கைப் பாம்புகளின் நஞ்சையே கொண்டு செய்த மருந்தில் குணகட்டுவாவும் ஒன்று. ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் 2016இல் வந்தன. இதில் ஒரு நடைமுறைத் தொல்லை: முழம் நீளப் பாம்பின் வாயில் கிடைக்கும் நஞ்சு சொற்பம், குதிரைகளுக்குப் போதுமான அளவு சேர்க்கப் பாம்பு ஏராளமாக வேண்டும்.

ஆக இப்போதைக்கு வார்டில் நடப்பது பொறுமையான கவனிப்பு. வலிக்குப் பரசிற்றமோல், அஸ்பிரினும் அதன் இன வலிமாத்திரைகளும் வேண்டாம், குருதி உறைதலுக்கும் சிறுநீரகத்துக்கும் அவை கூடாது. சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாமல் அளந்து கொடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மலையில் கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். சருகைக் கிளறிப் பாம்பைத் தேடி இரண்டாவது ஆளும் கடி வாங்க வேண்டாம். தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும்: மேல்நோக்கித் தூக்கிய மூக்கு நுனியும், பெரிய முக்கோணத் தலையும் அதில் தெரிந்தால் வார்டில் பாதி வேலை முடிந்தது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் கடித்திருந்தால் மோதிரத்தையும் வளையலையும் லொறி வருமுன்பே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.